கேட்காதே, பார்

பெர்னாட்டுக்கு எழுத்துக் கிறுக்கு பிடித்திருந்தது. குடிக் கிறுக்கு என்றால் தோட்டத்தில் நாலு பேர் புத்தி சொல்வார்கள். சீட்டாட்டக் கிறுக்கு என்றால் பெண்டாட்டி விளக்குமாற்றைத் தூக்குவாள். எழுத்துக் கிறுக்குக்கு யார் என்ன மருந்து சொல்வது? முப்பத்தாறு வயசு ஆள். விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்துவிட்டு, மத்தியானம் குளித்துச் சாப்பிட்டு, ஊரே கட்டையைச் சாய்க்கிற நேரத்தில் இவன் மட்டும் நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டிருப்பான். "பெரிய பரீட்சைக்குப் படிக்கிறாரு தொரை" என்று அவன் மனைவி மாடில்டா தலையில் அடித்துக்கொள்வாள்.

எல்லாம் பட்டணத்துப் பத்திரிகை செய்த வேலை. ஞாயிறு இதழில் 'எழுதிப் பழகுவோம்' என்று ஒரு பகுதி வந்துகொண்டிருந்தது. பெர்னாட் அதற்கு ஒரு கதை அனுப்பினான். தஞ்சாவூரில் ஒரு மாளிகை, அதில் ஒரு ஜமீன்தார் மகள், அவளுக்குக் காசநோய். பெர்னாட் தஞ்சாவூரைக் கண்டானா, ஜமீனைக் கண்டானா? அவன் பிறந்ததே செரண்டாப் பக்கம் தோட்டக் கூலிகளின் வரிசை வீடான ஒரு லயத்தில். கதை போன வேகத்தில் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில், 'நீங்கள் பார்த்த ஆளை எழுதுங்கள்' என்று ஒரு வரி.

கூடவே ஒரு அச்சுத் தாள். எழுத்தாளனாக விரும்புகிறவன் தினமும் பத்து வரி எழுத வேண்டும், மழை வந்தாலும் காய்ச்சல் வந்தாலும் விடக்கூடாது. பேரைப் போடு, நேரத்தைப் போடு. முகத்தைப் பார்க்காதே, முகம் பொய் சொல்லும். கையையும் தோளையும் பார். யாரிடமும் கேட்காதே, கேட்டால் மனிதன் நடிக்க ஆரம்பித்துவிடுவான்; பார்த்துக்கொண்டே இரு. எழுதியதில் மூன்றில் ஒரு பங்கை மறுநாள் அடித்துவிடு. இப்படி அந்தத் தாள் முழுக்க. பெர்னாட் கஞ்சிப்பசை போட்டு அதைச் சுவரில் ஒட்டினான். ஒட்டின இடம் ஏசுநாதர் படத்துக்குப் பக்கத்தில். மாடில்டா சிலுவை போட்டுக்கொண்டாள்.

காலமோ கெட்ட காலம். ஆண்டு ஐம்பத்திரண்டு. கோலசிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங் போகிற சாலையில், நம் ஆட்கள் கோணப்பாலம் தோட்டம் என்று சொல்லும் அந்த எஸ்டேட்டில், பழைய லயங்கள் காட்டோரம் இருந்தன. அங்கிருந்து காட்டுக்காரர்களுக்கு, அதாவது காட்டில் பதுங்கிச் சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு, சோறு போகிறது என்று சொல்லி, வெள்ளைக்கார சர்க்கார் எல்லாரையும் வேரோடு பிடுங்கி ஆலைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தது. சுற்றிலும் ரெண்டு ஆள் உயரத்துக்கு முள்கம்பி. ஒரே ஒரு கேட். காலை ஐந்தரைக்குத் திறந்தால் சாயங்காலம் ஆறுக்குச் சாத்திவிடுவார்கள். வெளியே போகிறவன் மடியில் ஒரு பருக்கை சோறு இருந்தாலும் போச்சு, விசாரணை இல்லாமல் உள்ளே. ஆற்றைத் தாண்டி பாசிர் பெனம்பாங் வரைக்கும் போய் நாலு கெளுத்தி வாங்கிவரக்கூட பாஸ் வேண்டும்.

இப்படிப்பட்ட இடத்தில், கண்ணில் பட்டதையெல்லாம் பேரோடும் மணியோடும் எழுதி வைப்பவனை என்னவென்று சொல்வது? பெர்னாட் எழுதினான். 'மண்டோர் இருசப்பன் காலையில் வேலையாட்கள் பேர் கூப்பிடும்போது தன் பேரையும் கூப்பிடுகிறார். பிறகு தானே இருக்கேன் என்று சொல்கிறார்.' 'ஐந்து ஐம்பதுக்கு கேட்டில் காவல் நிற்கும் சென்ட்ரி மாறுகிறது. புதுசாக வருகிறவன் முதலில் பொத்தானைப் போடுகிறான், பிறகுதான் துப்பாக்கியை வாங்குகிறான்.' அவனுக்கு அதில் ஒரு சந்தோஷம். ஜமீன்தார் மகளிடம் இல்லாத உயிர் இந்தப் பொத்தானில் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டான்.

ஒரு செவ்வாய்க்கிழமை கேட்டில் சோதனை போட்டவன் அவன் இடுப்பிலிருந்து நோட்டை உருவினான்.

ஆபீஸ் பின்னறையில் இன்ஸ்பெக்டர் சிவானந்தம் உட்கார்ந்திருந்தார். பெர்னாட்டைவிட ஏழெட்டு வயசு சின்னவர், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. நோட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தார். முக்கால் மணி நேரம். பெர்னாட் நின்றுகொண்டே யோசித்தான். சென்ட்ரி மாறும் நேரம் எழுதியிருக்கிறானே, காட்டுக்காரனுக்கு உளவு சொல்கிறவன் என்று சொல்ல இது ஒன்று போதாதா? மாடில்டா தனியாக என்ன செய்வாள் என்று நினைத்தபோது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. பத்திரிகை, பயிற்சி, பத்து வரி என்று உளறிக் கொட்டினான்.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார். "இந்தப் பொத்தான் சமாச்சாரம் பிரமாதம். நல்லா எழுதுறீங்க, மிஸ்டர் பெர்னாட்" என்றார்.

மிஸ்டராம்! 'டேய் ஏழாம் நம்பர்' என்று மட்டுமே கூப்பிடப்பட்டவனுக்கு மிஸ்டர். அதுவரை அவன் எழுத்தை ஒருத்தரும் நல்லது என்று சொன்னதில்லை. பயத்தில் உறைந்து கிடந்தவன் அப்படியே உருகிப்போனான். மடையன்.

"தொடர்ந்து எழுதுங்க. வாரா வாரம் செவ்வாய்க்கிழமை எனக்குப் படிக்கக் குடுங்க. லயத்து ஆளுங்களுக்கு அடையாளக் கார்டு பாரம் நிரப்ப ஆபீஸுக்குக் கூப்பிடுறாங்கன்னு வெளிய சொல்லிக்குங்க" என்றார் இன்ஸ்பெக்டர். பழைய நோட்டைத் தன் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். ஒரு புது நோட்டை எடுத்துக் கொடுத்தார், நல்ல வழவழத் தாள்.

அப்புறம் நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். அந்த மனுஷன் நிஜமாகவே வாத்தியார் வேலை பார்த்தார். "'சில பேர்'னு எழுதாதீங்க. யாரு? பேரு போடுங்க." "'அதிகாலை'ன்னா எத்தனை மணி?" "இந்தப் 'பாவம்'ங்கிற வார்த்தைய எடுத்துடுங்க. பாவமா இல்லையான்னு படிக்கிறவன் பாத்துக்குவான்." எல்லாம் சரியான புத்தி, அதுதான் கொடுமை. பெர்னாட் எழுத்து வாரத்துக்கு வாரம் கூர்மையாகிக்கொண்டே போனது. தன் எழுத்து எங்கே போகிறது என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். பாதி தெரியும். மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க அவன் படாத பாடு பட்டான். 'இதுல யாருக்கு என்ன கெடுதல்? நடை, உடை, பேச்சு, அவ்வளவுதானே' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான்.

மாசி மாசத்தில் ஒருநாள் இப்படி எழுதினான்: 'செல்லையா. வெள்ளிக்கிழமை, ஐந்தே முக்கால். வாளியில் பால் பிடிக்கும் புது மங்குகள் மட்டும் அடுக்கியிருக்கிறார். ஆனாலும் இடது தோள் சாய்கிறது. மற்ற நாளில் சாய்வதில்லை. போன வெள்ளியும் சாய்ந்தது.'

செல்லையா அவனுக்கு அடுத்த நிரையில் மரம் வெட்டுகிறவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவான். நல்ல மனுஷன், நாலு வார்த்தை பேசினால் அதிகம். அன்றைக்கு அந்தப் பத்து வரியை எழுதி முடித்ததும் பெர்னாட் எழுந்து வீட்டுக்குள்ளேயே ரெண்டு நடை நடந்தான். அந்தத் தோளைத் தன்னைத் தவிர வேறு யாரும் பார்த்திருக்க முடியாது என்று அவ்வளவு பெருமை.

அடுத்த வெள்ளிக்கிழமை கேட்டில் இன்ஸ்பெக்டரே நின்றார். வரிசையில் முன்னால் செல்லையா, நாலு ஆளுக்குப் பின்னால் பெர்னாட். "வாளியக் கவுத்துங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

மங்குகள் கடகடவென்று உருண்டன. அவற்றுக்கு அடியிலிருந்து ஒரு பெரிய சோற்றுப் பொட்டலம், அவித்த முட்டை, கருவாடு, ஒரு தேங்காய், ஒரு போத்தல் கள், ரெண்டு சுருட்டு.

"யாருக்கு?"

"முனியாண்டிக்குங்க ஐயா. பழைய லயத்துல இருக்கிற சாமிக்கு. படையலுங்க."

"நானும் சாமி கும்பிடுற குடும்பம்தான், எனக்குத் தெரியும். போன வாரம் வச்ச படையல் எங்க? நேத்து ஆள் அனுப்பிப் பார்த்தேன். வெறும் எலைதான் கெடக்கு."

"கொரங்கு தின்னிருக்கும்ங்க."

"கொரங்கு சுருட்டும் குடிக்குமா?"

ஒருத்தரும் சிரிக்கவில்லை. செல்லையாவின் கையில் விலங்கு மாட்டினார்கள். பெர்னாட்டின் மனசில் முதலில் வந்தது என்ன தெரியுமா? 'தோள் சாய்ந்தது சரிதான்.' அப்படி ஒரு நினைப்பு வந்ததே, அதற்காக அவன் தன்னை மன்னிக்கவே இல்லை. அதற்கடுத்த கணம் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டான். முள் உள்ளங்கையில் ஏறியது. வேலைக்குப் போனான், மரம் வெட்டினான், எப்படி வெட்டினான் என்று அவனுக்கே தெரியாது.

செவ்வாய்க்கிழமை நோட்டில்லாமல் ஆபீஸுக்குப் போனான். "சார், அண்ணன் அப்படிப்பட்ட ஆள் இல்ல சார். நான் எழுதினதத் திருப்பிக் குடுத்துருங்க. இனிமே எழுதல."

"திருப்பியா? இங்கிலீஷ்ல மாத்தி மேல போயாச்சு. உங்க எழுத்து ரொம்ப நல்லா மொழிபெயர்ப்பாகுது" என்றார் இன்ஸ்பெக்டர். கேலியாகச் சொன்ன மாதிரியும் தெரியவில்லை. "எழுதாம விடணும்னா விடலாம். உங்க முதல் நோட்டு இங்க இருக்கு, சென்ட்ரி நேரம் எழுதினது. அத நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க?"

பெர்னாட் இழுப்பறையின் பூட்டைப் பார்த்தான்.

"இன்னொண்ணு. இது யாரு எழுதினதுன்னு இந்த அறைக்கு வெளிய தெரியாம இருக்கிறது உங்களுக்குத்தான் நல்லது. போன வருஷம் ஆத்துக்கு அந்தப் பக்கம் நடந்தது ஞாபகம் இருக்கில்ல?"

யாருக்கு ஞாபகம் இல்லை? போலீசுக்கு ஆள் காட்டினான் என்று ஒருத்தனை, அவன் வெட்டுகிற மரத்திலேயே காட்டுக்காரர்கள் கட்டிவைத்துக் கதையை முடித்துவிட்டுப் போயிருந்தார்கள். பெர்னாட் தினமும் விடிகிற இருட்டில் தனியாக மரத்துக்கு மரம் போகிறவன். கம்பிக்கு வெளியே அவர்கள். கம்பிக்கு உள்ளே நூற்றிருபது குடும்பம், செல்லையாவின் சொந்தக்காரர்களே அதில் பாதி. இந்தப் பக்கம் இன்ஸ்பெக்டரின் இழுப்பறை. பாஸ் இல்லாமல் அடுத்த தோட்டத்துக்குக்கூடப் போக முடியாது. மூச்சு விடக்கூட வழியில்லாமல் மாட்டிக்கொண்டான். அன்றைக்கும் பத்து வரி எழுதினான். மழையைப் பற்றி எழுதினான். மறுவாரம் இன்ஸ்பெக்டர் அதைப் படித்துவிட்டு, "இதுல ஆளே இல்லையே?" என்றார்.

மூன்று வாரம் கழித்து உத்தரவு வந்தது. செல்லையாவை இந்தியாவுக்குக் கப்பலேற்றப் போகிறார்கள், மனைவியையும் மகளையும் சேர்த்து. செல்லையா இந்தியாவைப் பார்த்ததே இல்லை. மனுக் கொடுக்கப் பதினாலு நாள் தவணை. கோலாலம்பூரில் ஒரு கமிட்டி பார்க்குமாம்.

லயத்தில் யாருக்குக் கடிதம் எழுத வேண்டுமென்றாலும் பெர்னாட்டிடம்தான் வருவார்கள். செல்லையாவின் மனைவி வேலம்மாவும் வந்தாள். வேறு எங்கே போவாள்? வாசலில் உட்கார்ந்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"தம்பி, நல்லா எழுதுவியாமே. எங்களுக்கு ஒரு மனு எழுதிக் குடு."

அவளே எல்லாவற்றையும் சொன்னாள். மகளுக்கு மலேரியாக் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். செல்லையா முனியாண்டி காலில் விழுந்து, பிள்ளை பிழைத்தால் மூன்று வருஷம் வெள்ளிக்கிழமை தவறாமல் சோறு போடுகிறேன் என்று நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்துக்கொண்டது. அதற்குள் சர்க்கார் மனிதர்களை இங்கே தூக்கிவந்துவிட்டது. சாமியை யார் தூக்குவது? சாமி அங்கேயே நின்றுவிட்டது. நேர்ந்த கடன் நிற்குமா?

"இன்னும் ஆறு வெள்ளிக்கெழமதான் பாக்கி, தம்பி. ஆறே ஆறு. கேட்டிருந்தா சொல்லியிருப்போம். யாரோ எழுதியே குடுத்திருக்கானாம், நாளு, மணி, எந்தத் தோளு சாயுதுன்னு எல்லாம் இருக்காம். ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி சொன்னாரு. அத வச்சுத்தான் கமிட்டிக்காரங்க முடிவு பண்ணுவாங்களாம். எழுதினவன் ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

லயத்துச் சின்னப் பிள்ளைக்குக்கூட அந்த நேர்த்திக்கடன் தெரியும். பெர்னாட்டுக்குத் தெரியாது. அவன் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குப் போகிறவன், முனியாண்டி பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. தோளைப் பார்த்தான், மணியைப் பார்த்தான். அந்த மனுஷனோடு தினமும் ஒரே பாதையில் நடந்தும், "என்னண்ணே, வாளி கனக்குதா?" என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. "எழுதித் தரேன்க்கா, ஞாயித்துக்கெழம வாங்க" என்றான்.

நாலு நாள் எழுதினான். முதலில், 'மகா கனம் பொருந்திய துரை அவர்கள் சமூகத்துக்கு ஏழையேன் கண்ணீரோடு' என்று ஆரம்பித்து ஒரு பக்கம் ஓட்டினான். படித்துப் பார்த்தால் அதே ஜமீன்தார் மகள், அதே காசநோய். கிழித்துப்போட்டான். பிறகு நேர்த்திக்கடனை எழுதினான்: மகள், காய்ச்சல், மூன்று வருஷம். இது நன்றாக இருந்தது. ஆனால் கமிட்டிக்காரனுக்கு என்ன? அவன் கையில் நாளும் மணியும் தோளும் போட்ட தாள் ஒன்று இருக்கிறது. பார்த்து எழுதிய தாள். புருஷனுக்காகப் பெண்டாட்டி சொல்கிற கதையை அதன் முன்னால் யார் நம்புவார்கள்? அந்தத் தாளை எழுதியவனே வந்து சொன்னால்தான் உண்டு. எழுதிப் பழகிய கை அவனுக்கு அதைத் தெளிவாகச் சொல்லிற்று. சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தான்.

மூன்றாவது பாராவை எழுதினான். எழுதியதில் ஒரு சொல்லை அடிக்க இடமில்லை.

மாடில்டாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். புருஷன் செவ்வாய்க்கிழமைகளில் என்ன செய்தான் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. வெகுநேரம் அவனைப் பார்க்கவே இல்லை. கடைசியில், "இத எடுத்துரு" என்றாள்.

"எடுத்தா மனுவுல ஒண்ணுமே இல்ல, மாடில்டா."

"அப்ப எழுதினது இருக்கட்டும். படிச்சுக் காட்டுறப்ப வுட்டுரு. அவங்களுக்கு எங்க தெரியப் போவுது? ஒறையில போட்டு ஒட்டிரு. கமிட்டி படிக்கட்டும், லயம் கேக்க வேணாம்."

இன்ஸ்பெக்டர் காதுக்குப் போனால் போகட்டும், அது அப்புறம். லயத்துக்குத் தெரியாமல் இருந்தால் ரெண்டு நாளாவது உயிரோடு இருக்கலாம். பெர்னாட் சரி என்றான். அண்ணனும் வந்துவிடுவார், தானும் பிழைத்துக்கொள்ளலாம் என்று அவன் நெஞ்சில் கொஞ்சம் காற்று வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி வெயில். எழுதிக் கொடுத்ததைக் கைநாட்டு வைக்கிறவருக்கு முன்னால் வாய்விட்டுப் படித்துக் காட்டுவது லயத்து முறை. அவர் ஆமாம் என்று சொன்ன பிறகுதான் விரலில் மை. வீட்டுக்குள் இருட்டு, அதனால் வாசலில்தான் படிப்பார்கள். படித்தால் கேட்க நாலு பேர் கூடுவார்கள், கம்பிக்குள் வேறு பொழுதுபோக்கு என்ன இருக்கிறது? அன்றைக்கு நாற்பது பேர் கூடியிருந்தார்கள். மண்டோர் இருசப்பன் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். வேலம்மா பெர்னாட்டுக்குப் பக்கத்திலேயே, தாளைப் பார்த்தபடி. மகள் அவள் தோளில் சாய்ந்திருந்தாள்.

பெர்னாட் வரிக்கடியில் விரலை ஓட்டிப் படித்தான். முதல் பாராவைப் படித்தான். ரெண்டாவதில் மகளின் காய்ச்சல் வந்தபோது ஒரு கிழவர் மூக்கைச் சிந்தினார். "அப்படியே நேர்ல பாத்த மாதிரி எழுதியிருக்கான்யா" என்று யாரோ சொன்னார்கள். மூன்றாவது பாரா வந்தது. விரல் அங்கே கொஞ்சம் நின்றது. பிறகு அவன் கடைசி வரிக்குத் தாவி, "இப்படிக்கு, தங்கள் கருணையை வேண்டும் வேலம்மா" என்று முடித்தான்.

"நில்லு, தம்பி" என்றாள் வேலம்மா.

"என்னக்கா?"

"வெரலு இங்க நின்னுச்சு. வாயி கீழ போயிருச்சு. நடுவுல இம்புட்டு எழுதியிருக்கே." கறுப்பாகக் கிடந்த வரிகளின் மேல் கையை வைத்தாள். "இது என்னா?"

"அது... சும்மா, சட்ட விவரம்க்கா."

"என் புருஷன் விசயம். நான் வெரல் வைக்கப் போற தாளு. படி."

இருசப்பன், "படியேம்பா, அதுல என்ன?" என்றார். கதவுக்கு உள்ளே மாடில்டா நிற்பது பெர்னாட்டுக்குத் தெரிந்தது. தாளை மடித்து உள்ளே போய்விடலாம். வேறு ஏதாவது வாயில் வந்ததைப் படிப்பது போலச் சொல்லலாம், சொல்லத் தெரியாதவனா அவன்? ஆனால் வேலம்மாவின் கை தாள் மேலேயே இருந்தது. அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, அவன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படித்தான்.

"'அந்த நோட்டை எழுதியவன் இந்த மனுவை எழுதுகிற நான். பெயர் பெர்னாட். நாலாம் லயம், ஏழாம் நம்பர் வீடு. செல்லையாவின் தோள் வெள்ளிக்கிழமைகளில் சாய்ந்ததைப் பார்த்தேன். ஏன் என்று அவரிடம் கேட்கவில்லை. அவருடைய நேர்த்திக்கடன் எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. நான் எழுதியதில் தோள் உண்மை, மணி உண்மை. மனிதனை நான் எழுதவில்லை. அதற்காக எந்தத் தண்டனை கொடுத்தாலும் எனக்குக் கொடுங்கள்.'"

இருசப்பன் எழுந்து, உட்கார்ந்திருந்த பலகையை எடுத்துக்கொண்டு நாலடி தள்ளிப் போய் நின்றார். மகள் அம்மாவின் தோளிலிருந்து தலையை எடுத்துவிட்டு அவனைப் பார்த்தாள். பெர்னாட்டுக்கு அந்தப் பார்வைதான் தாங்கவில்லை.

வேலம்மா அழவில்லை. ஏசவும் இல்லை. தாளைப் பார்த்தபடியே கேட்டாள்: "இது போனா அவரு வருவாரா?"

"வரலாம்க்கா. இது இல்லாம போனா வரமாட்டாரு."

அவள் கட்டைவிரலை மைக்கூட்டில் அமுக்கினாள். தாளில் அழுத்தி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்து எடுத்தாள். சேலையில் விரலைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தாளைத் தூக்கி அவன் கையில் கொடுத்தாள்.

"அந்த எடத்த இன்னொருக்கா படி. எந்திரிச்சு நின்னு படி. கடைசி வீட்டுக்கும் கேக்கணும்."

பெர்னாட் எழுந்து நின்றான். அடுத்த லயத்திலிருந்தும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவன் எழுதியதைக் கேட்க இத்தனை பேர் ஒருநாளும் கூடியதில்லை. உள்ளே மாடில்டா தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. அவன் தாளை உயர்த்திப் பிடித்து, பெயரிலிருந்து ஆரம்பித்தான்.